பிளேஸ்டேஷன் நகல் சிடியைக் கண்டுபிடித்தது எப்படி?

சோனியின் முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விளையாட்டுகள் சிடியில். கணினியில் அவற்றை அப்படியே நகலெடுக்கலாம்; ஆனால் நகலைப் போட்டால் பெட்டி ஏற்காது. ஏன்?

சிடியில் தரவு சுருளான ஒரு தடத்தில் ஓடுகிறது. சோனி தன் சிடிகளை அச்சிடும்போது, தொடக்கப் பகுதியில் அந்தத் தடத்தையே நுண்ணிய அளவில் இடவலமாக நெளியவிட்டது. லேசர் பின்தொடரும்போது அந்த நெளிவு நான்கு எழுத்துகளாகப் படிக்கப்படும்: ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. தன் பகுதிக்குரிய எழுத்துகள் வந்தால்தான் பெட்டி சிடியை ஏற்கும். வீட்டு சிடி ரைட்டர் தரவை எழுதும், தடத்தை வளைக்காது. வெற்று சிடியில்தான் தடம் முன்பே வெட்டப்பட்டு வருகிறதே!

தடத்தில் கைவைக்க முடியாதவர்கள் மதர்போர்டில் கைவைத்தார்கள். எட்டுக் கால் மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றில் சிறு நிரலை ஏற்றிப் பற்றவைத்தார்கள். இதுதான் மோட்சிப். நெளிவின் சமிக்ஞை வரவேண்டிய இடத்தில் அந்த எழுத்துகளை அது ஓதிக்கொண்டே இருக்கும், பெட்டி நம்பிவிடும். திருட்டு நகலுக்கு மட்டுமல்ல, காசு கொடுத்து வாங்கிய வெளிநாட்டு அசலை ஓட்டவும் பலருக்கு இது தேவைப்பட்டது.

ஓயாத ஓதலே சிப்பைக் காட்டியும் கொடுத்தது. எழுத்துகள் வரக்கூடாத நேரத்தில் வந்தால், பின்னாளைய சில விளையாட்டுகள் ஆட்டத்தை நிறுத்தின. உடனே, விளையாட்டு தொடங்கியதும் வாய்மூடும் சிப்புகள் வந்தன.

2021இல் வந்த டோனிஹேக்ஸ் என்ற மென்பொருளுக்குப் பற்றவைப்பே வேண்டாம். மெமரி கார்டில் திருத்திய சேமிப்புக் கோப்பு ஒன்றும், அதைத் திறக்கும் அசல் விளையாட்டு சிடியும் போதும். சிடி கட்டுப்பாட்டுச் சிப்பின் ஃபர்ம்வேரில் சோனியே ஒளித்துவைத்த திறப்புக் கட்டளைகளை அது அழைக்கிறது. ஜப்பானியப் பெட்டிகள் மட்டும் அக்கட்டளைகளுக்கு மசிவதில்லை.