உறைமோர் ஊற்றும் நேரம்

இரவில் பாலைக் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு, அம்மா சற்று நேரம் கழித்து விரலை விட்டுப் பார்ப்பாள். கொதிக்கிற பாலில் மோரை ஊற்றினால் திரிந்துபோகும். சில்லிட்ட பாலில் ஊற்றினால் விடிந்தாலும் பாலாகவே கிடக்கும். விரல் பொறுக்கிற வெதுவெதுப்பில்தான் உறை ஊற்ற வேண்டும். கலவரம் வராமல் ஊரைக் காக்கிற மக்கள் குழுக்கள் எப்படி இயங்குகின்றன என்று யோசித்தால், எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது.

மும்பைக்கு வடகிழக்கே, தாணே மாவட்டத்தில் இருக்கிறது பிவண்டி. விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர். 1970-இல் சிவாஜி ஜயந்தி ஊர்வலத்தின்போது மூண்ட இந்து-முஸ்லிம் கலவரமும், 1984-இல் மறுபடி மூண்டதும் அந்த ஊரின் பெயரையே பயத்தோடு சொல்ல வைத்தன. 1988-இல் அங்கே காவல் துணை ஆணையராக வந்தார் சுரேஷ் கோபடே. அப்போது ஊர் கொதிக்கவில்லை; சூடு முழுக்க ஆறவும் இல்லை. அந்த வெதுவெதுப்பில் அவர் பகுதி பகுதியாக மொஹல்லா குழுக்களை, அதாவது குடியிருப்புப் பகுதிக் குழுக்களை, அமைத்தார். சுமார் 70 குழுக்கள். ஒவ்வொன்றிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

கலவரம் முடிந்த பிறகு ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு அமைதிக் குழு போடுவது பழைய வழக்கம். திரிந்த பாலில் உறை ஊற்றுகிற வேலை அது. கோபடே தேடியது மேடை ஏறுகிறவர்களை அல்ல, அந்தந்தத் தெருவில் குடியிருப்பவர்களை. உறைமோரும் அப்படித்தானே? நேற்றைய தயிரில் எடுத்து வைத்த ஒரு கரண்டிதான் அது. தீர்ந்துபோனால் எதிர்வீட்டில் கிண்ணத்தை நீட்டுவோம்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் மத நல்லிணக்கத்தைப் பற்றிப் பெரிய பேச்சு தேவையில்லை. குழாயடிச் சண்டை, அடைத்துக்கொண்ட சாக்கடை, ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று பேசினாலே போதும். பேசப் பேச ஒருவர் வீடு இன்னொருவருக்குத் தெரிந்துவிடுகிறது. என் கணக்கில் முழுச் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. ஒருநாள் ராத்திரி, கோயிலில் சிலையை உடைத்துவிட்டார்கள் என்றோ மசூதியில் எதையோ வீசிவிட்டார்கள் என்றோ ஒரு வதந்தி கிளம்புகிறது என்று வையுங்கள். அறிமுகம் இல்லாத ஊரில் அது பத்து நிமிடத்தில் பத்துத் தெரு தாண்டும். குழு இருக்கிற தெருவில் ஒரு முஸ்லிமும் ஓர் இந்துவும் அந்தப் பகுதியில் ரோந்து வரும் பீட் கான்ஸ்டபிளோடு சேர்ந்து போய்ப் பார்க்கிறார்கள். திரும்பி வந்து, பார்த்ததை அவரவர் ஆட்களிடம் சொல்கிறார்கள். ‘நம்ம ஆளே பார்த்துட்டு வந்து சொல்றான்’ என்ற ஒரு வார்த்தையில் சூடு இறங்கிவிடும். போலீஸ் ஒலிபெருக்கி எவ்வளவு கத்தினாலும் இதைச் செய்ய முடியாது.

தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வது போதாதா? அரசியல் ஆய்வாளர் அசுதோஷ் வார்ஷ்ணே இந்திய நகரங்களை ஒப்பிட்டு 2002-இல் வெளியிட்ட நூலில் இதற்குப் பதில் இருக்கிறது. கிராமத்துக்கு அது போதும். நகரத்துக்கு இரு தரப்பும் சேர்ந்து நடத்தும் சங்கங்கள், குழுக்கள் வேண்டும் என்கிறார் அவர். பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பாலும் மோரும் தனித்தனிதான். கலந்தால்தான் உறையும்.

1992 டிசம்பர் 6-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அந்த மாதத்திலும் அடுத்த ஜனவரியிலும் மும்பையில் மூண்ட கலவரத்தில் மாண்டவர்கள் 900 பேர் என்று, அதை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது. பிவண்டி எரியவில்லை. அதற்குள் கோபடே மாற்றலாகிப் போயிருந்தார், குழுக்கள் இருந்தன. அவர் இல்லாதபோதும் அவை நின்றதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்தக் கலவரத்துக்குப் பிறகு மும்பையிலும் மொஹல்லா குழு இயக்கம் தொடங்கியது. ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஜூலியோ ரிபெய்ரோ, சமூக சேவகர் சுஷோபா பார்வே போன்றவர்கள் முன்னின்றார்கள்.

தயிரை அப்படியே விட்டுவைத்தால் புளித்துப்போகும். தினம் ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பாலில் ஊற்றியாக வேண்டும். குழுக்களும் அப்படித்தான். 2006 ஜூலையில் பிவண்டியில், கபரஸ்தான் (முஸ்லிம் இடுகாடு) அருகே காவல் நிலையம் கட்டுவதை எதிர்த்துக் கூட்டம் திரண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். கூட்டத்தின் கையில் இரண்டு கான்ஸ்டபிள்கள் உயிரிழந்தார்கள். இந்த முறை சண்டை இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் அல்ல, போலீசுக்கும் ஜனங்களுக்கும். காவல் நிலையத்தை எங்கே கட்டுவது என்பது, சாக்கடைப் பிரச்சினையைப் போல, ஒரு தெருக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசி முடித்திருக்கக்கூடிய விஷயம்.