சகாகுச்சியின் கட்டுரைகளும் மேற்கோள் கணக்கும்

ஒரு விஞ்ஞானியின் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதைக் கொண்டு அவருடைய செல்வாக்கை மதிப்பிடும் வழக்கம், பதவி உயர்விலும் நிதி ஒதுக்கீட்டிலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை அமெரிக்கர்களான மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் பகிர்ந்துகொண்ட ஜப்பானிய நோய் எதிர்ப்பியல் அறிஞர் ஷிமோன் சகாகுச்சியின் வெளியீட்டு வரலாறு, அந்த அளவுகோல் எங்கே தடுமாறுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்கள், மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி பெறுகின்றன. பிறந்த மூன்றாம் நாளில் பெண் சுண்டெலிகளின் தைமஸை அகற்றினால் அவற்றின் சூலகங்கள் சிதைகின்றன என்று நிஷிசுகா, சகாகுரா என்ற இரு ஜப்பானியர்கள் 1969-இல் அறிவித்திருந்தனர். எதிர்ப்பாற்றல் குன்ற வேண்டிய இடத்தில் உடல் தன் உறுப்பையே தாக்குவது ஏன் என்ற கேள்வியைப் பற்றிக்கொண்ட சகாகுச்சி, நலமான எலிகளின் டி செல்களைச் செலுத்தினால் அந்நோய் வராமல் தடுக்கப்படுவதை 1980-களில் காட்டி, பிற செல்களை அடக்கிவைக்கும் தனிப்பிரிவு ஒன்று டி செல்களுக்குள் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தார்.

அவர் தேர்ந்த காலம் சாதகமானதல்ல. 1970-களில் பெரிதும் பேசப்பட்ட 'அடக்கும் டி செல்' என்ற கருத்து, அதற்கு ஆதாரமாகச் சொல்லப்பட்ட மரபணு இருப்பதாக நம்பப்பட்ட இடத்தில் இல்லை என்று 1980-களின் தொடக்கத்தில் தெரியவந்ததால் மதிப்பிழந்து, அதை எடுத்துப் பேசுவதே ஐயத்துக்கு இடமளிப்பதாக ஆகியிருந்தது. ஏற்கெனவே பலர் குவிந்திருக்கும் துறைக்கே மேற்கோள்கள் எளிதில் சேரும் என்பதால், எண்ணிக்கையை மட்டும் கருதும் இளம் ஆய்வாளர் எவரும் இத்திசையில் கால் வைத்திருக்க மாட்டார்.

1995-இல் 'ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி' இதழில் சகாகுச்சியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, அந்தப் பிரிவை அடையாளம் காணும் குறியை முன்வைத்தது. சிடி25 என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கிய செல்களை நீக்கிவிட்டு, மீதமுள்ள டி செல்களைத் தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தியபோது தன் உறுப்புகளைத் தாக்கும் நோய்கள் பலவும் தோன்றின. நீக்கிய செல்களையும் உடன் சேர்த்தபோது அவை தோன்றவில்லை. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று இன்று அழைக்கப்படுபவை இவையே.

இதழ்களைத் தரம்பிரிக்கப் பயன்படும் தாக்கக் காரணி என்பது, ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு நடப்பாண்டில் கிடைத்த மேற்கோள்களை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் சராசரி. 1995-இல் வந்த கட்டுரைக்கு 1996-லும் 1997-லும் கிடைத்த மேற்கோள்களே அக்கணக்கில் சேரும். ஆனால் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவே இச்செல்களின் உருவாக்கத்தை ஆள்கிறது என்று சகாகுச்சியின் குழுவும் வேறு குழுக்களும் 2003-இல் நிறுவிய பிறகுதான் எஞ்சியிருந்த ஐயங்கள் பெருமளவு விலகின. ஆயிரக்கணக்கான மேற்கோள்களைப் பெற்ற அக்கட்டுரையின் செல்வாக்கில் பெரும்பகுதி, இதழின் கணக்குக்கு வெளியே நிகழ்ந்தது.

ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்மொழிந்த எச்-குறியீட்டின் குறை வேறு வகையானது. ஒருவருடைய குறியீடு 50 என்றால், ஒவ்வொன்றும் குறைந்தது 50 முறை மேற்கோள் பெற்ற 50 கட்டுரைகள் அவருக்கு உண்டு என்று பொருள். துறையின் போக்கையே திருப்பிய கட்டுரையும் 50 முறை மட்டும் எடுத்தாளப்பட்ட கட்டுரையும் இதில் தலா ஒன்றாகவே எண்ணப்படும். சகாகுச்சி போன்ற அறிஞர்கள் பிற்காலத்தில் எழுதும் தொகுப்புரைகளும், பாடநூலுக்கு ஈடாகக் கையாளப்படுவதால், மேற்கோள்களை எளிதில் ஈட்டிவிடுகின்றன. கண்டுபிடித்த உழைப்புக்கும் விளக்கிச்சொன்ன உழைப்புக்கும் இடையே குறியீடு வேறுபாடு காண்பதில்லை.

பிரன்கோவின் நிலை இன்னும் கூர்மையானது. பல்கலைக்கழகத்தில் அல்லாமல் சியாட்டில் அருகே ஒரு மருந்தாய்வு நிறுவனத்தில் பணியாற்றிய அவர், ராம்ஸ்டெல் உள்ளிட்டோருடன் சேர்ந்து, ஸ்கர்ஃபி எனப்படும் நோயுற்ற எலியின் எக்ஸ் குரோமோசோமில் ஃபாக்ஸ்பி3 மரபணுவின் பழுதைக் கண்டறிந்து 2001-இல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் வெளியிட்டார். அவருடைய வெளியீட்டுப் பட்டியல் சகாகுச்சியின் பட்டியலுக்கு அருகில் வைத்துப் பார்க்கவும் முடியாத அளவுக்குச் சிறியது. நோபல் குழு இருவருக்கும் பரிசில் சமபங்கு அளித்தது.