லிங்கமய்யாவுக்கு வழி தெரிந்தவர்கள்

தக்காணத் தடங்கள் – 9

போன வாரம் கோல்கொண்டாவைச் சுற்றிக் கிடக்கும் உருண்டைப் பாறைகளைப் பார்த்தோம். அவை கிரானைட். இந்த வாரம் வேறொரு கல்லைத் தேடித் தெற்கே போவோம்.

ஹைதராபாத் மகாத்மா காந்தி பேருந்து நிலையத்தில் ஸ்ரீசைலம் வண்டி ஏறினால், கட்தால், டிண்டி தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பருத்தி வயல்களும் மனை விற்பனைப் பலகைகளும்தான். சுமார் 140 கிலோமீட்டரில் மன்னனூர் வருகிறது. வனத்துறையின் சோதனைச் சாவடி அங்கேதான். இரவு 9 மணிக்குத் தடுப்பு இறங்கினால் காலை 6 மணிக்குத்தான் ஏறும். அதைத் தாண்டினால் நல்லமலைக் காடு. அம்ராபாத் புலிகள் காப்பகம் என்பது அரசாங்கப் பெயர். பரப்பளவு 2,611 சதுர கிலோமீட்டர். 2014இல் தெலங்கானா பிரிந்தபோது, நாகார்ஜுனசாகர் – ஸ்ரீசைலம் காப்பகத்திலிருந்து கிருஷ்ணாவுக்கு வடக்கே இருந்த பகுதி தனியாகியது.

இங்கே கிரானைட் கீழே போய்விடுகிறது. அதன்மேல் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் படிந்த மணல் இறுகி, குவார்ட்சைட் என்னும் கடும்பாறையாகிப் பாய் விரித்தாற்போல் படுத்திருக்கிறது. அதனால்தான் நல்லமலையில் ஏறிக்கொண்டே போய் உச்சியைத் தொடும் நடை குறைவு. மேட்டின் தலை தட்டை. அதில் நடந்து நடந்து, திடீரென்று விளிம்புக்கு வந்து, கீழே இறங்க வேண்டும். ஓடைகள் பாறையைச் செங்குத்தாக அறுத்து இடுக்குகளாக்கியிருக்கின்றன. மழைக்காலத்தில் வெடிப்புகளில் இறங்கிய நீர், கோடையிலும் பாறைச் சுவர்களில் ஊற்றாகக் கசிகிறது. அருவி, அதன் கீழே மடு, பக்கத்தில் குகை, குகைக்குள் லிங்கம். நல்லமலையில் திரும்பத் திரும்ப இந்த வரிசைதான்.

அவற்றுள் பேர்போனது, லிங்கமய்யா குடியிருக்கும் சலேஸ்வரம். ஆண்டில் பெரும்பகுதி அங்கே போக அனுமதி இல்லை. சைத்ர மாதப் பௌர்ணமியை ஒட்டி, நம் கணக்கில் சில ஆண்டு பங்குனி உத்திரமும் சில ஆண்டு சித்ரா பௌர்ணமியும் வரும் நாட்களில், ஜாத்திரைக்காக வழி திறக்கிறது. முன்பு ஐந்து நாள் நடந்தது. சமீப ஆண்டுகளில் மூன்று நாள்தான். ஃபராஹாபாத் கேட்டில் நெடுஞ்சாலையை விட்டு விலகி, காட்டுப் பாதையில் ராம்பூர் பென்ட்டா வரை வண்டி போகும். செஞ்சுப் பழங்குடிகளின் குடியிருப்புக்குப் பென்ட்டா என்று பெயர். அங்கிருந்து நான்கைந்து கிலோமீட்டர் நடை.

ஏப்ரல் வெயிலில் இலையுதிர்ந்த காடு. தேக்கு, கருமருது, வெக்காலி எல்லாம் காய்ந்து நிற்க, தப்சி மரம் மட்டும் வெளிறிய பட்டையோடு தூரத்திலேயே தெரியும். அதன் பிசினை எடுத்து விற்பது செஞ்சுக்களின் பழைய தொழில். மோகால குருவ என்ற இடத்து ஏற்ற இறக்கத்தில் முழங்கால் நோகாதவர் கிடையாது. அதற்குப் பிறகு பாதை குறுகிவிடும். ஒரு தோளில் பாறைச் சுவர் உரசும், மறுபுறம் பள்ளம். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். எதிரே ஏறி வருபவருக்கு வழிவிட, இறங்குபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இறங்குபவர்கள் "வருகிறோம் லிங்கமய்யா" என்று குரல் கொடுக்க, திரும்புகிறவர்கள் "போய் வருகிறோம் லிங்கமய்யா" என்கிறார்கள். பக்தியோடு பயனும் உண்டு. வளைவுக்கு அப்பால் ஆள் வருகிறது என்பது குரலை வைத்துத்தான் தெரியும்.

இடுக்கின் அடியில் வெயில் குறைந்து ஈரம் ஏறுகிறது. கோடையிலும் மேலிருந்து விழும் தண்ணீரில் தலை நனைத்துவிட்டுத்தான் குகைக்கு ஏறுவார்கள். உள்ளே பூசை செய்பவர்கள் செஞ்சுக்கள்.

காடும் சாமியும் சேர்ந்து நாள் குறிப்பது நமக்கும் புதிதல்ல. வெள்ளியங்கிரிக்குப் பிப்ரவரி முதல் மே வரை. சதுரகிரிக்கு நெடுங்காலம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் மட்டும். இதே மலையிலுள்ள ஸ்ரீசைலமும் தமிழருக்கு அயலூர் அல்ல. தேவாரத்தின் திருப்பருப்பதம் அதுதான். சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே அதைப் பாடினார்கள் என்றும், அப்பர் கயிலைக்குப் போகும் வழியில் நேரில் வந்து வணங்கினார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. சுந்தரர் பதிகத்தில் யானை, தினைப்புனம், கிளி எல்லாம் வருகின்றன. இன்றைய நல்லமலையில் புலி உண்டு, சிறுத்தை உண்டு, கரடி உண்டு, யானை இல்லை.

இந்தப் பாதைகளை யார் போட்டார்கள்? அதற்கு விடை தேடும்போது ஒரு வியன்னாக்காரர் குறுக்கே வருகிறார். மானிடவியலாளர் கிறிஸ்டோஃப் ஃபான் ஃப்யூரர்-ஹைமன்டார்ஃப். 1939இல் போர் தொடங்கியபோது இந்தியாவில் இருந்தார். கையில் ஜெர்மன் பாஸ்போர்ட். எதிரி நாட்டவர் என்பதால் ஆங்கிலேய அரசு அவரை ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள்ளேயே இருக்கச் சொன்னது. அவர் அந்தக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்திக்கொண்டு, 1940இல் மனைவி பெட்டியோடு அம்ராபாத் காட்டில் செஞ்சுக்களிடையே போய்த் தங்கினார். அவர் எழுதிய நூல் 1943இல் வந்தது. தோண்டுகோலால் கிழங்கெடுத்து, தேனெடுத்து, பருவத்துக்கேற்ப இடம் மாறி வாழ்ந்தவர்களின் வாழ்க்கையை அதில் பதிந்தார். 1945இல் நிஜாம் அரசு அவரைப் பழங்குடியினர் ஆலோசகராக அமர்த்தியது.

அப்படி இடம் மாறி வாழ்ந்தவர்களுக்குக் கோடையில் தண்ணீர் எங்கே கசியும் என்று தெரியாமல் முடியாது. நாம் ஜாத்திரைப் பாதை என்று நடப்பது அவர்கள் தண்ணீருக்குப் போன வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சாமி பிறகு வந்திருக்கலாம்.

ஆனித் தூறலுக்குப் பிறகு கூட்டம் மல்லெல தீர்த்தத்துக்கு மாறுகிறது. நெடுஞ்சாலையில் வட்வர்லபல்லியிலிருந்து பிரியும் பாதையில் போய், படிக்கட்டில் கீழே இறங்கினால் அருவி. படி போட்டிருப்பதால் ஹைதராபாத்தின் வார இறுதி மொத்தமும் அங்கே இறங்கிவிடுகிறது. ஏறும்போதுதான் பலருக்குப் படியின் எண்ணிக்கை உறைக்கிறது.

இதே கல் அடுக்குதான் ஒரு வம்பையும் கொண்டுவந்தது. கிரானைட்டும் குவார்ட்சைட்டும் சந்திக்கும் மட்டத்தில் யுரேனியம் படிந்திருக்கிறது. அதைத் தேடிப் பார்க்க அம்ராபாத்தில் 83 சதுர கிலோமீட்டரில் ஆய்வு செய்யும் திட்டத்துக்கு, மத்திய அரசின் வன ஆலோசனைக் குழு 2019 மே மாதம் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. பென்ட்டாக்களில் தொடங்கிய எதிர்ப்பு ஹைதராபாத்தின் சினிமாக்காரர்கள் வரை பரவியது. அந்தச் செப்டம்பரில் தெலங்கானா சட்டமன்றம் யுரேனியச் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது.

சுரங்கத் திட்டம் நின்றது. ஆட்கள் வெளியேறுவது நிற்கவில்லை. புலிகளுக்காக மையப் பகுதியிலுள்ள ஊர்களை வெளியே மாற்றும் வேலை நடக்கிறது. குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய், அல்லது நிலத்தோடு மறுவாழ்வு. விரும்பிப் போகிறவர்களும் உண்டு. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் வேண்டும் என்று கேட்பதில் தப்பென்ன? ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் செஞ்சுக்களைப் போன்ற நலிந்த பழங்குடிகளுக்கு வாழிட உரிமையும் தந்திருக்கிறது. போக விரும்பாதவரைப் போகச் சொல்ல முடியாது.

புலிக்கு ஆளில்லாத காடு வேண்டும் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் நல்லமலையில் நெகிழிப் பையைப் போட்டுவிட்டு வருவது மூன்று நாள் கூட்டமும் வார இறுதிக் கார்களும். பென்ட்டாவில் இருப்பவர்கள் அல்ல. வழி தெரிந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, வழி தெரியாத நம்மைச் சீட்டுக் கொடுத்து உள்ளே விடுவது என்ன கணக்கு? தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவுக்குத் திறந்தபோது, உள்ளூர்க்காரர்களையும் பழங்குடி இளைஞர்களையும் பயிற்சி தந்து வழிகாட்டிகளாக வைத்தது. குரங்கணிக் காட்டுத்தீயில் 2018இல் 23 உயிர்கள் போன பிறகு வந்த புத்தி என்றும் சொல்லலாம். மன்னனூரிலும் சஃபாரிக்குச் செஞ்சு இளைஞர்கள் துணை வருகிறார்கள். அது நடைபாதைகளுக்கும் நீள வேண்டும். நடக்க ஆசைப்படும் ஹைதராபாத்காரர் கட்டும் கட்டணத்தின் பெரும்பங்கு பென்ட்டாவுக்குப் போக வேண்டும். எந்த மாதம் எந்த வழியைத் திறப்பது, எதை மூடுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். மற்ற மாதங்களில் காடு மூடியிருந்தால் நாம் காத்திருப்போம். லிங்கமய்யாவுக்கே ஆண்டுக்கு மூன்று நாள்தானே.

(தொடரும்)

அடுத்த வாரம்: பாதாள கங்கையிலிருந்து படகில், அக்கமகாதேவி குகைக்கு.