யென்கோ யாரு?

'2 ஃபாஸ்ட் 2 ஃபியூரியஸ்' கிளைமாக்ஸ் ஞாபகம் இருக்கா? ஒரு நீலக் கேமரோ கரையிலிருந்து பாய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் யாட் மேலே போய் விழும். அது 1969 யென்கோ கேமரோ. ஸ்கூல் படிக்கும்போது நான், சுப்ரா, ஸ்கைலைன் மாதிரி 'யென்கோ'வும் கம்பெனி வைத்த மாடல் பேர்னு நினைச்சிட்டிருந்தேன். இல்லைங்க. டான் யென்கோ என்பவர் பென்சில்வேனியாவில் கேனன்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் கார் விற்ற செவர்லே டீலர். நல்ல ரேஸ் டிரைவரும்கூட.

டீலர் பேர் எப்படி கார் மேல வந்தது?

ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) 1963-ல் ரேஸிங்கிலிருந்து விலகியது. எந்த சைஸ் காருக்கு எவ்வளவு பெரிய இன்ஜின் போடலாம் என்று தனக்குத்தானே கோடும் போட்டுக்கொண்டது. கேமரோ 1967 மாடலாக வந்தபோது, கார்வெட் தவிர மற்ற சின்ன, நடுத்தர கார்களுக்கு 400 கியூபிக் இன்ச்தான் எல்லை. அதனால் கேமரோவில் அதிகபட்சம் கிடைத்தது 396, அதாவது 6.5 லிட்டர். அதே சமயம் கார்வெட்டில் 427 இருந்தது, 7 லிட்டர்.

இங்கதான் மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடித்த விஷயம் வருது. 396, 427 ரெண்டும் ஒரே பிக் பிளாக் குடும்பம். வெளி அளவு ஒன்றுதான், மவுன்ட் அப்படியே பொருந்தும். 396 உட்கார்ந்த இடத்தில் 427-ஐ இறக்க ஒரு நல்ல வொர்க்‌ஷாப் போதும். தடை பொறியியலில் இல்லை, கம்பெனி ரூலில்தான் இருந்தது. அந்த ரூல் டீலரைக் கட்டுப்படுத்தாது, ஏன்னா அமெரிக்காவில் டீலர் தனி முதலாளி. கம்பெனி செய்ய மாட்டேன் என்றதை யென்கோ தன் கடையிலேயே செய்து, தன் பேரை ஒட்டி விற்றார். 1969 கார்களின் ஹெட்ரெஸ்ட்டில் எஸ், ஒய், சி என்று மூணு எழுத்து இருக்கும். நடுவில் பெரிதாக நிற்கிற ஒய் தான் யென்கோ; எஸ், சி ரெண்டும் 'சூப்பர் கார்'.

இந்த வேலையில் யென்கோ முதல் ஆள் இல்லை. மிச்சிகனில் ராயல் பான்டியாக் என்ற டீலர் அவருக்கு முன்னாடியே 'ராயல் பாப்கேட்' விற்றுக்கொண்டிருந்தார். அவர்கள் கிட்டில் மெல்லிய ஹெட் கேஸ்கெட், கார்புரேட்டர் ஜெட், இக்னிஷன் டைமிங் மாற்ற சில பாகங்கள் இருக்கும். கேஸ்கெட் மெலிந்தால் கிளியரன்ஸ் வால்யூம் குறையும், கம்ப்ரஷன் ரேஷியோ ஏறும். தெர்மலில் மனப்பாடம் செய்து மறந்த ஆட்டோ சைக்கிள் ஃபார்முலாதான், வேற ஒண்ணுமில்ல. பேர் வந்த கதை அதைவிட சூப்பர்: பான்டியாக்கின் பானவில், கேட்டலினா கார்களின் எம்ப்ளத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்து பாப்கேட் என்று கோர்த்துவிட்டார்கள்.

சிகாகோவில் நிக்கி செவர்லே தன் பேரில் இருந்த கே எழுத்தைத் திருப்பிப் போட்டே பிரபலமானது. அதே ஊர் 'மிஸ்டர் நார்ம்' கடைக்கு, அது இருந்த தெருமுனையை வைத்து கிராண்ட் ஸ்பால்டிங் டாட்ஜ் என்று பேர். அந்த ஜி, எஸ் தான் டார்ட் ஜிஎஸ்எஸ்-ஸில் வருவது. ரோட் ஐலண்டில் பாப் டாஸ்கா தன் மஸ்டாங்குக்கு வைத்த பேர் கேஆர்-8. கேஆர் என்றால் 'கிங் ஆஃப் த ரோட்'. 1968-ல் ஷெல்பி ஜிடி500கேஆர் என்று வந்ததிலும் அதே ரெண்டு எழுத்து. பேர் வைக்கும் விஷயத்தில் என் ஓட்டு டாஸ்காவுக்குத்தான்.

திரும்ப யென்கோவுக்கு வருவோம். ஒவ்வொரு காராகப் பிரித்து இன்ஜின் மாற்றுவது எவ்வளவு தலைவலின்னு யோசிச்சுப் பாருங்க. செவர்லேயில் 'சென்ட்ரல் ஆஃபீஸ் புரொடக்‌ஷன் ஆர்டர்' என்று ஒரு வழி இருந்தது, சுருக்கமாக கோப்போ. டாக்ஸி, போலீஸ் கார் மாதிரி மொத்தமாக வாங்குபவர்களின் தனித் தேவைகளுக்கான ஆர்டர் முறை. 1969-ல் அந்த வழியாகவே, 9561 என்ற எண்ணில், 427 போட்ட கேமரோ ஃபேக்டரியிலிருந்து நேரடியாக வந்தது. ரூல் அப்படியே இருக்க, ரூல் போட்ட கம்பெனியே பின்வாசல் வழியாகச் செய்து கொடுத்தது!

ஆனால் அந்தக் கார்களில் 427 என்று ஒரு பேட்ஜ் கிடையாது. எஸ்எஸ் எழுத்தும் இல்லை. பார்க்க சாதாரண கேமரோ, பானெட்டுக்குள் 425 குதிரைத்திறன். வெளியே எதையாவது சொன்னது யென்கோ ஒட்டிய பட்டையும் ஸ்டிக்கரும்தான்.

ஸ்டிக்கர் இல்லாதவற்றின் கதை இன்னும் விசித்திரம். இல்லினாயில் லா ஹார்ப் ஊர் டீலர் ஃப்ரெட் கிப், 9560 என்ற எண்ணில் 50 கேமரோ ஆர்டர் செய்தார். அதில் வந்தது இசட்எல்1, முழுக்க அலுமினிய 427. அந்த இன்ஜின் ஆப்ஷன் மட்டும் 4,160 டாலர், அடிப்படை கேமரோவின் விலையை விட அதிகம்! பில்லைப் பார்த்த கிப், விற்க முடியாமல் பல கார்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மற்ற டீலர்களுக்குப் போனதையும் சேர்த்து, தயாரானது மொத்தமே 69.

1970-ல் ஜிஎம் அந்த 400 எல்லையை எடுத்துவிட்டது. செவெல்லில் 454-ஐ ஃபேக்டரியே போட ஆரம்பித்த பிறகு டீலரிடம் போக என்ன காரணம்? இன்னொரு பக்கம் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பெரிய இன்ஜினுக்கு பிரீமியத்தை ஏற்றின. யென்கோ அதற்கும் வழி கண்டார். 1970 நோவாவில் 350 கியூபிக் இன்ச் எல்டி-1 போட்டு 'டியூஸ்' என்று பேர் வைத்தார். ஃபார்மில் 350 என்று எழுதினால் சாது மாதிரி இருக்கும் இல்லையா?

இப்போது இவற்றை வாங்குபவர்களுக்குத்தான் உண்மையான சிக்கல். 1969 கேமரோவின் சேசிஸ் நம்பர், இன்ஜின் ஆறு சிலிண்டரா வி8-ஆ என்பதை மட்டும்தான் சொல்லும். எந்த வி8 என்று சொல்லாது. யென்கோ பட்டையை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம். அதனால் பிளாக்கில் அடித்த எண்களையும், பழைய டீலர் இன்வாய்ஸையும் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். கசங்கிய ஒரு தாள் இருக்கா இல்லையா என்பதில் காரின் மதிப்பே தலைகீழாகும்.

2012-ல் செவர்லே டிராக் ரேஸுக்கென்று ஒரு கேமரோவை விற்பனைக்கு அறிவித்தது. அதன் பேர் கோப்போ கேமரோ. ஒரு காலத்தில் ஆர்டர் ஃபார்மில் ஒளிந்திருந்த வார்த்தை, இப்போ கம்பெனியே வைத்த பேர். எத்தனை கார் தெரியுமா? 69.