சிறு நிரலகங்களை ஒப்பிடுதல்: வைப்பின் தீவுக்கு ஒரு வெள்ளப் படம்

கொச்சித் துறைமுக வாயிலுக்கு வடபால், ஒருபுறம் அரபிக் கடலும் மறுபுறம் காயலும் சூழ, முனம்பம் வரையில் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பது வைப்பின் தீவு. 2004ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்ட பின் எறணாகுளத்தோடு தரைவழித் தொடர்பு எளிதாயிற்று. எனினும் மட்டாஞ்சேரி, கோட்டைக்கொச்சிப் பக்கம் செல்வோருக்கு இன்றும் படகே சுருக்க வழி. கடலின் ஓதம் உயரும் காலங்களில் எடவனக்காடு, நாயரம்பலம் போன்ற ஊர்களில் உப்புநீர் வீட்டு முற்றங்களிலும் புகுகின்றது. எந்தத் தெருவில் எத்தனை அங்குலம் நீர் நின்றது என்பதைக் கள ஊழியரோ பள்ளி மாணவரோ கைப்பேசியிற் குறித்தனுப்ப, அதனைத் தேசப்படத்தின் மீது யாவரும் காணும்படி ஒரு வலைப்பக்கம் அமைத்தல் கூடும். அப்பணியில் இறங்குவோர் முதலில் தீர்மானிக்க வேண்டுவது, எந்தெந்த நிரலகங்களை எடுத்தாள்வது என்பதாகும்.

கணினிக்கு இடும் கட்டளைத் தொடரே நிரல். பலருக்கும் அடிக்கடி தேவைப்படும் நிரல்களை ஒருவர் எழுதிவைத்து, பிறர் எடுத்தாளத் தொகுத்தளிப்பது நிரலகம். தொழிலில் உள்ளோர் இதனை லைப்ரரி என்பர். மூலத்தைப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையளிப்பது திறந்த மூல நிரலகம். கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே கற்பிக்கப்பட்டு வருவதால், அங்குள்ள ஆசிரியர்களுக்கு இக்கருத்து புதிதன்று.

2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் பெரியாறு பெருகிப் பறவூர் வட்டாரம் மூழ்கிய நாட்களில், மாநிலத் தகவல் தொழில்நுட்ப மிஷனும் தொண்டர்களும் சேர்ந்து நடத்திய ‘கேரள ரெஸ்க்யூ’ வலைத்தளத்தைப் பலர் அறிவர். உதவி கோரியோரின் விவரங்களும் முகாம்களின் விவரங்களும் அதில் திரட்டப்பட்டன. அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டது. எங்கெங்கோ இருந்தவர்கள் அதனைத் திருத்தி உதவினர். அதற்கு அடிப்படை ‘ஜாங்கோ’ என்னும் பெரிய சட்டகம். அது அமெரிக்கப் பத்திரிகை அலுவலகமொன்றில் தோன்றி 2005இல் வெளியிடப்பட்டது. அவசர காலத்தில் பலருக்கும் பழகிய கருவி மிகவும் பயன்படும் என்பது எமது அபிப்பிராயம். ஆனால் ஒரு பஞ்சாயத்து அளவிலான பக்கத்திற்கு அத்தனை பெரிய கருவி வேண்டுவதில்லை, சிறியவையே போதும்.

தேசப்படத்திற்கு இரண்டு நிரலகங்கள் பெயர் பெற்றவை. ‘ஓப்பன்லேயர்ஸ்’ 2006இல் வெளிவந்தது. ‘லீஃப்லெட்’ 2011இல் உக்ரைன் நாட்டின் கீவ் நகரத்தவரான விளாடிமிர் அகஃபோன்கின் என்பவரால் வெளியிடப்பட்டது. முன்னது நில அளவைத் துறையினர் கையாளும் பலவகைத் தேசப்பட வீழல்களையும் கோப்பு வகைகளையும் தானே கையாள வல்லது. பின்னது அவற்றுட் பலவற்றை விட்டொழித்து, படத்தைக் காட்டல், நகர்த்தல், புள்ளி குறித்தல் ஆகியவற்றைச் செவ்வனே செய்கின்றது. எஞ்சியவற்றுக்குப் பிறர் எழுதிய இணைப்புகள் உள. அவ்விணைப்புகளின் தரம் ஒன்றுபோல் இராது என்பதை நினைவிற் கொள்க. லீஃப்லெட்டின் அளவு, சுருக்கிய நிலையில் சுமார் 42 கிலோபைட். ஓப்பன்லேயர்ஸ் முழுமையாக எடுக்கப்படின் அதனைப் போற் பல மடங்காகும். வேண்டிய பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்தாற் குறையும்.

இவ்வளவு வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதா? கணக்கிட்டுப் பார்ப்போம். மழைநாளில் கைப்பேசித் தொடர்பு தளர்ந்து, நொடிக்கு 50 கிலோபிட் மட்டுமே கிடைக்கின்றதெனக் கொள்வோம். 42 கிலோபைட் என்பது 336 கிலோபிட். அது வந்து சேர ஏறக்குறைய 7 நொடி ஆகும். ஆனால் படம் பல சதுரக் கட்டங்களாக வருகின்றது. கைப்பேசித் திரைக்குப் பன்னிரண்டு கட்டங்கள், கட்டத்திற்கு 15 கிலோபைட் எனக் கொண்டால், 180 கிலோபைட் ஆயிற்று. அதற்கு 29 நொடி செல்லும். நிரலகத்தைச் சுருக்குவதிலேயே கவனம் முழுவதையும் செலுத்துவோர் இதனைக் காணத் தவறுகின்றனர். ஊர்ப் பெயரும் நீரின் உயரமும் எழுத்து வடிவில் முதலில் தோன்றி, விரும்புவோர் தொட்டால் மட்டும் படம் வரும்படி அமைப்பதே நன்று. வெறும் எழுத்து ஓரிரு கிலோபைட்டில் அடங்கிவிடும்.

ஜான் ரெசிக் 2006இல் வெளியிட்ட ‘ஜேக்வெரி’ ஒரு காலத்தில் ஏறத்தாழ எல்லாப் பக்கங்களிலும் இருந்தது. ஒரே கட்டளையை ஒவ்வொரு உலாவியும் ஒவ்வொரு விதமாக ஏற்ற காலம் அது. இன்று அவ்வேற்றுமை பெரும்பாலும் நீங்கிவிட்டமையால், சிறு படிவம் ஒன்றுக்கு அதன் 30 கிலோபைட் சுமை அவசியமில்லை.

நேரத்தைக் கையாளும் ‘மோமெண்ட்’ நிரலகத்தின் கதை வேறு. 2020 செப்டம்பரில் அதனைப் பேணுவோரே, இனிப் புதிய வேலைகளுக்கு இதனைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என அறிவித்து, ‘டே ஜே.எஸ்.’ முதலிய மாற்றுகளைச் சுட்டினர். டே ஜே.எஸ். ஏறக்குறைய 2 கிலோபைட்டே. இவ்வளவு நேர்மையான அறிவிப்பு மென்பொருள் உலகில் அரிது. தமிழர்க்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. மோமெண்டின் தமிழ்ப் பகுதி, முற்பகல் பிற்பகல் என்று கூறாமல், யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை என ஆறு சிறுபொழுதுகளாக நாளைப் பகுக்கின்றது. புலமை போற்றத் தக்கதே. ஆயினும் வெள்ள அறிவிப்பில் ‘எற்பாடு’ எனக் கண்டவர் ‘ஏற்பாடு’ என்பதன் அச்சுப்பிழை என்றே கொள்வார். 16.30 மணி என எழுதுவதே தக்கது.

சிறுமை ஒன்றே சிறப்பாகாது. ‘லெஃப்ட்-பேட்’ என்பது, ஒரு சொல்லின் இடப்புறம் இடைவெளி நிரப்பும் பதினொரு வரி நிரல். 2016 மார்ச்சில் ஒரு பிணக்கின் காரணமாக அதன் ஆசிரியர் தம் நிரல்களை என்.பி.எம். பொதுக்களஞ்சியத்தினின்று நீக்கிவிட, அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களின் ஆக்கம் தடைப்பட்டது. 2018இல் ‘ஈவெண்ட்-ஸ்ட்ரீம்’ என்ற நிரலகத்தின் பொறுப்பு முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைக்கப்பட, நாணயப்பை திருடும் நிரல் அதனுட் புகுத்தப்பட்டது. ஆகவே ஒப்பிடுங்கால், பேணுவோர் எத்துணைப் பேர், கடைசித் திருத்தம் எப்போது, வேறு எவற்றைச் சார்ந்துள்ளது என்பவற்றைக் கிலோபைட்டுக்கு முன்னே வைத்துப் பார்க்க வேண்டும். லீஃப்லெட்டும் டே ஜே.எஸ்.உம் வேறொன்றையும் சாராதவை. தேர்ந்த பதிப்பின் பிரதியைத் தம் சொந்த வழங்கியில் வைத்துக்கொண்டால், களஞ்சியத்தில் நிகழ்வது நம் பக்கத்தை உடனே தாக்காது.

உரிமம் குறித்து ஒரு வார்த்தை. ஜேக்வெரி, டே ஜே.எஸ். ஆகியன எம்.ஐ.டி. உரிமத்திலும், தேசப்பட நிரலகங்கள் இரண்டும் பி.எஸ்.டி. உரிமத்திலும் வழங்கப்படுகின்றன; பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்துக்கொண்டால் போதும். படத்திற்குரிய தரவு 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தினுடையதாயின், அதன் பங்களிப்பாளர் பெயரைப் படத்தின் மூலையில் காட்டியாக வேண்டும். அத்திட்டத்தின் படக் கட்டங்களை மொத்தமாக இறக்கிச் சேமித்தல் அதன் விதிகளுக்கு ஒவ்வாது. தொடர்பற்ற இடங்களுக்காகத் தீவின் படம் முழுவதையும் முன்கூட்டியே கைப்பேசியில் வைக்க விரும்புவோர், தரவை இலவசமாகப் பெற்று, கட்டங்களைத் தம் கணினியிலேயே வரைந்துகொள்ளலாம்.