ஒரு குதிரை போதும்

பழைய இரும்பு சைக்கிள், கைக்கு அடக்கமான ஓர் எஞ்சின், ஒரு டப்பா பெயிண்ட். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே கட்டிவிட முடியும். ஆனால் எஞ்சினின் அளவை ஆசை முடிவு செய்தால், சட்டமும் பிரேக்கும் குறுக்கே வந்து நிற்கும்.

புனேயிலிருந்து லோணாவளா போகும் லோக்கல் ரயிலில் தேஹு ரோடு ஒரு சிறிய நிறுத்தம். துக்காராமின் தேஹுவுக்குப் போகும் பக்தர்கள் இங்கே இறங்குகிறார்கள். ராணுவக் கிடங்குகளும் படைக்கல ஆலையும் கொண்ட இந்தக் கன்டோன்மென்ட் ஊரில், தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. புனே பக்கமாக அடுத்த ஸ்டேஷன் ஆகுர்டி, பஜாஜ் ஆட்டோவின் இருப்பிடம். அதற்கடுத்த சிஞ்ச்வட், லூனாவைத் தந்த கைனடிக் எஞ்சினீயரிங் நிறுவனத்தின் முகவரி. பெடல் மிதித்துக்கொண்டிருந்த இந்தியாவை பெட்ரோலுக்கு மாற்றியதில் பெரும் பங்கு இந்த ரயில் பாதைக்கு உண்டு.

பழைய பாணியில் மோட்டார் சைக்கிள் கட்டும் ஆசை ஒருவருக்கு வந்தால், அதற்கு இதைவிடப் பொருத்தமான வட்டாரம் கிடைப்பது கடினம். லேத், வெல்டிங், பவுடர் கோட்டிங் பட்டறைகளுக்கு பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியில் பஞ்சமே இல்லை. தாழ்ந்து வளைந்த ஹேண்டில்பார், நடுக்கம்பிக்குக் கீழே தொங்கும் நீளமான டாங்க், அகன்ற தோல் சீட், ஓரத்தில் ஓடும் தங்கக் கோடு: நூறு வருடங்களுக்கு முந்தைய அந்த உருவத்தை மீண்டும் உண்டாக்க நினைப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இதற்கென்றே எஞ்சின் கிட்களும் விற்பனையாகின்றன.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பம். வடிவத்தில் பழமையைத் தேடுகிறவர்கள், வேகத்தில் மட்டும் இன்றைய கணக்கைக் கேட்கிறார்கள்.

வெந்நீர்ப் பையே டாங்க்

சைக்கிளில் எஞ்சின் பொருத்தும் யோசனைக்கு வயது நூற்றுக்கும் மேல். பாரிசில் வெர்னர் சகோதரர்கள் 1897-ல் முன் சக்கரத்துக்கு மேல் எஞ்சினை வைத்து ஓட்டிக் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவும் ஜப்பானும் வறுமையில் கிடந்தபோதுதான் அந்த யோசனை ஏழைகளின் வாகனமாக மாறியது. 1946-ல் சொய்சிரோ ஹோண்டா, ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தர வைத்திருந்த சிறிய எஞ்சின்களை வாங்கி சைக்கிள்களில் பொருத்தினார். முதல் சோதனை வண்டிக்கு பெட்ரோல் டாங்க் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்த வெந்நீர்ப் பைதான் டாங்க் ஆனது. சோதனை ஓட்டம் போனவர்களில் அவர் மனைவியும் ஒருவர்.

1952-ல் வந்த ஹோண்டாவின் கப் எஃப், வெள்ளை டாங்க்கும் சிவப்பு எஞ்சினுமாகப் பின் சக்கரத்தோடு ஒட்டி நின்றது. மோட்டார் கடைகளை நம்பாமல், நாட்டிலுள்ள சுமார் 50,000 சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதி அதை விற்றது அந்த நிறுவனம். 50 சிசி எஞ்சின். தந்த சக்தி வெறும் ஒரு குதிரைத்திறன். பிரான்சின் வெலோசோலெக்ஸ் அதற்கும் எளிமையானது. முன் டயரின் மேல் ஓர் உருளையை அழுத்தி ஓட்டும், அவ்வளவுதான்.

இந்தியாவில் திருப்பதியிலிருந்து பிரெஞ்சுத் தொழில்நுட்பத்துடன் சுவேகா வந்தது. பிறகு 1972-ல், இத்தாலியின் பியாஜியோ சாவ் மொபெட்டைத் தழுவி லூனா. பெடல் மிதித்து உயிர் கொடுக்க வேண்டிய அந்த வண்டியின் விலை அன்று சுமார் 2,000 ரூபாய். 1980-ல் ஓசூரிலிருந்து இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய டிவிஎஸ் 50. ஆசிரியர்கள், பால்காரர்கள், எல்.ஐ.சி. ஏஜெண்டுகள் என்று ஒரு தலைமுறையே மொபெட்டில் குடும்பம் நடத்தியது. லூனாவின் உற்பத்தி 2000 வாக்கில் நின்றுபோனது. 2024 பிப்ரவரியில் அதே பெயர் மின்சார வண்டியாகத் திரும்பி வந்திருக்கிறது.

பத்து ஆள் பலம்

ஒரு சராசரி மனிதர் களைக்காமல் பெடல் மிதித்தால் 75 முதல் 100 வாட் வரை சக்தி தருவார். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அதாவது கப் எஃப் எஞ்சினின் பலம் கிட்டத்தட்ட எட்டுப் பத்து ஆட்களின் பலம். புல் வெட்டும் கருவிகளில் இன்று வரும் 25 சிசி நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் எடையில் 3 கிலோ அளவுக்குத்தான் இருக்கும். அதுவும் ஏறக்குறைய அதே ஒரு குதிரைத்திறனைத் தருகிறது. பழைய வண்டியின் நிஜமான பலம் வேண்டுமென்றால் இதற்கு மேல் தேவையே இல்லை.

ஆனால் சந்தையில் எடுப்பாகத் தெரிவது 80 சிசி என்று விளம்பரமாகும் சீனத்து ரெண்டு ஸ்ட்ரோக் கிட். அளந்து பார்த்தால் பெரும்பாலும் 66 சிசிதான். இதை மாட்டினால் சைக்கிள் எளிதாக 40 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். 15 கிலோமீட்டரில் போகும் சைக்கிளோடு ஒப்பிட்டால், நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய சக்தி ஏழு மடங்கு. நம்ம ஊர் 28 அங்குல சைக்கிளில் இருப்பதோ கம்பி பிரேக். இரும்பு ரிம் மழையில் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை பிடிக்கவே பிடிக்காது. லாரிகள் ஓயாத பழைய மும்பை-புனே நெடுஞ்சாலை தேஹு ரோடின் நடுவே ஓடுகிறது. ஜூலை மழையில் அந்தச் சாலையில் கம்பி பிரேக்கை நம்பி 40-ல் போவது தற்கொலைக்குச் சமம்.

எனவே வேலை எஞ்சினில் ஆரம்பிக்கக் கூடாது. பிரேக்கில் ஆரம்பிக்க வேண்டும். பழைய மொபெட்டின் டிரம் பிரேக் ஹப், தடித்த ஸ்போக்ஸ், மொபெட் ஃபோர்க் ஆகியவை முன்னால் வர வேண்டும். கிட்டோடு வரும் பல் சக்கரத்தை பின் சக்கரத்தின் ஸ்போக்ஸ் மீது ரப்பர் வைத்து இறுக்குவது வழக்கம். ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாக ஒடிவது இதனால்தான். செயினை இறுக்கிப் பிடிக்கும் கட்டை நழுவி ஸ்போக்ஸுக்குள் போனால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பல் சக்கரத்தை ஹப்பிலேயே பொருத்துவதுதான் பாதுகாப்பு.

இன்னொரு கணக்கும் உண்டு. 25 கிலோமீட்டர் வேகத்தில் 28 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 190 தடவை சுற்றும். சின்ன எஞ்சினோ 6,000-க்கு மேல் சுற்றினால்தான் பலம் தரும். நடுவில் முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு வேண்டும். லேத் பட்டறைக்காரரின் உதவி தேவைப்படுவது இந்த இடத்தில். ஃப்ரேமில் நேரடியாக வெல்டிங் வைக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுவது நல்லது. பழைய சைக்கிள்களின் மூட்டுகள் பித்தளை உருக்கி ஒட்டியவை. அதன் மேல் வெல்டிங் வைத்தால் விரிசல் விடும். கிளாம்ப் போட்டு இறுக்குவதே சரி.

கோடு போடும் கை

எஞ்சின் வேலை முடிந்த பிறகே பெயிண்ட். பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், உலர்வாகத் தேய்த்துத் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்ப்பதே முறை. துரு போன இரும்பில் அன்றே ரெட் ஆக்ஸைடு பிரைமர் ஏற வேண்டும். ஒரு ராத்திரி விட்டாலும் துரு திரும்பி வந்துவிடும். பள்ளங்களுக்கு மெல்லிய பட்டி. பிறகு 220, 400, 800 என்று படிப்படியாக மென்மையான தாளில் தேய்க்க வேண்டும். கடைசி மினுமினுப்பு டப்பாவிலிருந்து வருவதில்லை, இந்தத் தேய்ப்பிலிருந்துதான் வருகிறது.

கார் பட்டறைகளில் அடிக்கும் இரட்டைக் கலவை பி.யு. பெயிண்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு. தகுந்த முகமூடியும் காற்றோட்டமும் இல்லாத வீட்டில் அது வேண்டாம். சாதாரண எனாமலை மூன்று நான்கு மெல்லிய பூச்சாகக் கொடுத்து, ஒவ்வொன்றையும் நன்றாகக் காயவிட்டால் போதும். என்.சி. பெயிண்ட் சீக்கிரம் காயும். ஆனால் ஈரக்காற்றில் வெளிறிப் பால் பூத்தாற்போல் ஆகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய இந்த ஊரில் பெயிண்ட் வேலைக்கு நல்ல காலம் தீபாவளிக்குப் பின்தான்.

நிறத்திலும் பழமைக்கு ஒரு நியாயம் உண்டு. ஹார்லி டேவிட்சன் 1906 முதல் சாம்பல் நிறத்தைக் கொடுத்தது. நம்ம ஊர் சைக்கிளின் அடையாளம் கறுப்பும் தங்கக் கோடும். அந்தக் கோட்டை நீளமான மயிர் கொண்ட பிரஷ்ஷில், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் போட வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டினால் கோடு நேராக இருக்கும், ஆனால் உயிர் இருக்காது. ஃப்ளெக்ஸ் போர்டு வந்த பிறகு வேலை இழந்த போர்டு ஆர்ட்டிஸ்ட்டுகளிடம் அந்தக் கை இன்னும் இருக்கிறது. டாங்க்கில் பெயர் எழுத அவர்களைத் தேடிப் போவதில் இருவருக்கும் லாபம்.

நிஜமான பழைய வண்டிகள் எப்படி இருந்தன என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் புனேயின் கர்வே நகரில் உள்ள விக்ரம் பெண்ட்சே சைக்கிள் மியூசியத்துக்குப் போகலாம். பாராசூட் வீரர்கள் மடித்து எடுத்துச் சென்ற இரண்டாம் உலகப் போர் கால பி.எஸ்.ஏ. சைக்கிள் வரை அங்கே இருக்கிறது.

25 என்ற கோடு

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைவான, 25 சிசிக்கு மேற்படாத எஞ்சின் கொண்ட வண்டி 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்குள் வராது. அதைத் தாண்டினால் பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டாயம். பதிவு பெற வேண்டுமானால் அந்த மாடல் முதலில் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் தேற வேண்டும். அப்படிப்பட்ட நிலையங்களில் ஒன்றான ஏ.ஆர்.ஏ.ஐ. புனேயின் கோத்ரூடிலேயே இருக்கிறது. ஆனால் அந்த நடைமுறை தொழிற்சாலைகளுக்காக உண்டானது. வீட்டில் ஒரே ஒரு வண்டி கட்டியவருக்கு அந்தக் கதவு திறப்பது அபூர்வம்.

பதிவில்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். அது சின்ன விஷயம். 66 சிசி வண்டி யார் மீதாவது மோதிவிட்டால், இன்ஷூரன்ஸ் இல்லாத நிலையில் நஷ்ட ஈடு முழுவதும் ஓட்டியவரின் தலையில் விழும். ஒரு தொழிலாளியின் பல வருடச் சேமிப்பு அதில் கரைந்துபோகலாம். 25 சிசி வண்டிக்காரருக்கும் இந்தப் பொறுப்பு இல்லாமல் போகாது. சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட்டும் நல்ல விளக்கும் பிரேக்கும் அவரே தனக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய நிபந்தனைகள்.

பெட்ரோலே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி, டாங்க்குக்குள் பேட்டரியை ஒளித்து வைத்து 250 வாட்டுக்குக் குறைவான மோட்டாரில் ஓட்டுவது. அதிகபட்ச வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், சோதனை நிலையத்தின் சான்றும் வேண்டும் என்கின்றன மோட்டார் வாகன விதிகள். தயாராக, சான்றோடு வரும் மின்சார சைக்கிளை வாங்கி அதன் தோற்றத்தை மட்டும் மாற்றுவது இங்கே சுலபமான வழி.

சட்டம் போட்ட கோடும் சரித்திரம் போட்ட கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பதுதான் இதில் அதிசயம். ஹோண்டாவைக் கடிதம் எழுதி விற்க வைத்த வண்டியின் பலம் ஒரு குதிரை. 25 சிசியில் இன்று கிடைப்பதும் அதே ஒரு குதிரை. பழைய வண்டியை விரும்புகிறவர் அதன் வேகத்தையும் சேர்த்து விரும்பினால், போலீஸ்காரரைக் கண்டு சந்தில் திரும்ப வேண்டியதில்லை. ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு லூனா ஓட்டியவர்கள் எல்லோருக்கும் பதில் தெரியும். அதற்குத்தான் பெடல் இருக்கிறது.