ஒரு பிரிண்டர், மூன்று கணனி

வீட்டுக்கு இரண்டாவது கணனி வந்துவிட்டால் இரண்டாவது பிரிண்டரும் வாங்க வேண்டுமா என்று சகோதரிகள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. வேண்டியதில்லை. வீட்டில் வைஃபை இருந்தால் ஒரே பிரிண்டரை எல்லாக் கணனிகளுக்கும் கைபேசிகளுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். லயத்துக்கு ஒரு பீலி இருந்து, எல்லா வீட்டுக் குடமும் அதில் நிறைவதைப் போன்றதுதான் இது.

நான் இருப்பது மடுல்கெல்லயில். கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக நக்கிள்ஸ் மலையடிவாரத்துக்கு ஏறி வரும் பாதையில் உள்ள தேயிலைப் பகுதி. வீட்டிலிருந்தபடியே கடிதம், விண்ணப்பம், சிறு குழுக்களின் கணக்கு என்று தட்டச்சு வேலை செய்கிறேன். என்னிடம் ஒரு கணனி, படிக்கும் மகளிடம் ஒரு மடிக்கணனி, பக்கத்து வீட்டில் இருக்கும் அக்காவிடம் யாரோ கொடுத்த பழைய கணனி ஒன்று. இந்த மூன்றுக்கும் ஒரு பிரிண்டர்தான்.

செலவு மிச்சமாவது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் பிரிண்டர் வந்ததற்குக் காரணம் வேறு. அது அக்காவின் கோப்பு.

அக்கா கலியாணம் முடித்துக் கிளிநொச்சிப் பக்கம் போனவர். மலையகத்திலிருந்து 1977 வன்செயலுக்குப் பிறகு வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டார். 2009இல் எல்லாவற்றையும் இழந்து, முகாமில் இருந்து, பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தார். மூத்த மகன் வரவில்லை. அவனைத் தேடி அவர் கொடுத்த மனுக்களின் பிரதிகள் ஒரு பெரிய கோப்பாக இருக்கின்றன. 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காணாமற்போனோர் அலுவலகம், 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த இழப்பீட்டு அலுவலகம் என்று ஒவ்வொரு முறையும் அதே பிறப்புச் சான்றிதழ், அதே புகைப்படம், அதே முறைப்பாட்டுத் துண்டு. இதை வாசிக்கும் உங்களில் பலரிடமும் இப்படி ஒரு கோப்பு இருக்கும். நான் விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு தடவையும் இந்தக் கோப்பைக் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. கடைப் பையன் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்ப்பான். வரிசையில் நிற்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு கடையில், பழுதாக வந்த பிரதியின் மறுபக்கத்தில் கணக்குக் கூட்டி அதையே அடுத்தவருக்குப் பற்றுச்சீட்டாகக் கொடுத்துவிட்டார்கள். அதில் பிள்ளையின் படம் இருந்தது. அக்கா அந்த மனிதரின் பின்னால் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து கோப்பைக் கையில் எடுக்கவே தயங்கினார். வீட்டில் ஒரு பிரிண்டர் இருந்தால் யார் முகத்தையும் பார்க்காமல் அவரே பிரதி எடுக்கலாம் என்றுதான் யோசித்தோம். ஸ்கேனரும் சேர்ந்த பிரிண்டராகப் பார்த்து வாங்கினோம்.

ஒன்றைப் பலர் பகிரும் இந்த எண்ணம் புதிதல்ல. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் தீவுகளில் இருந்த கருவிகளைக் கம்பியில்லாமல், வானொலி அலை மூலம், ஒரே கணனியுடன் இணைத்தார்கள். அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் இருந்த பொப் மெட்காஃப் அந்த முறையைப் படித்துவிட்டு 1973இல் 'ஈதர்நெட்' என்ற வலையமைப்பைத் திட்டமிட்டார். அவருக்கு அது ஏன் தேவைப்பட்டது தெரியுமா? அதே கூடத்தில் கேரி ஸ்டார்க்வெதர் என்பவர் செய்த லேசர் பிரிண்டர் இருந்தது. ஒரு செக்கனுக்கு ஒரு பக்கம் அடிக்கும். அதை ஒவ்வொரு மேசையிலிருந்த கணனியும் பாவிக்க வேண்டும் என்பது முக்கிய காரணங்களில் ஒன்று. இன்றைக்கு அலுவலகங்களில் ஓடும் வலையமைப்புப் பிறந்ததில் ஒரு பிரிண்டருக்கும் பங்கு உண்டு.

நம் மலைநாட்டிலும் பகிர்ந்து பாவித்த கதை உண்டு. 1999இல் யுனெஸ்கோ உதவியுடன் கொத்மலை சமூக வானொலியில் இணையத் திட்டம் தொடங்கியது. நேயர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நிலையத்தில் இருந்தவர்கள் இணையத்தில் பதில் தேடி வானொலியில் சொன்னார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் அந்த இணைப்பைப் பாவித்தார்கள். கணனியையே காணாத பெண்களுக்கும் அந்த ஓர் இணைப்பு பயன்பட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிரிண்டரைப் பகிர்வதற்கு வழிகள் இரண்டு.

முதலாவது, வைஃபை உள்ள பிரிண்டர். அது கணனி எதனையும் நம்பி இருக்காது. நேராக ரூட்டருடன் சேர்ந்துகொள்ளும். யார் அனுப்பினாலும் அடிக்கும். கைபேசியிலிருந்தும் அடிக்கலாம். வாங்கும்போதே இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் இதுவே சுகம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது, வயர் மட்டும் உள்ள பிரிண்டரை ஒரு கணனியில் செருகி, அந்தக் கணனியில் பகிர்வது. விண்டோஸ் கணனியில் பிரிண்டரின் 'ப்ரொப்பர்ட்டீஸ்' பக்கத்துக்குப் போனால் 'ஷெயாரிங்' என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே அடையாளமிட்டால் போதும். பிறகு மற்றக் கணனிகளில் 'பிரிண்டரைச் சேர்' என்று தேடினால் அது தெரியும். தெரியாவிட்டால் இரு கணனிகளிலும் அந்த வைஃபை 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'பிரைவேட்' என்று மாற்ற வேண்டும். வீட்டு வைஃபைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள், பஸ் நிலையத்திலோ கடையிலோ செய்ய வேண்டாம். இந்த முறையில் ஒரு குறை இருக்கிறது. பிரிண்டர் செருகியிருக்கும் கணனி விழித்திருந்தால்தான் மற்றவர்களுக்கு அச்சு வரும். அது தூங்கிவிட்டால் பிரிண்டரும் தூங்கியது போலத்தான்.

முன்பு விண்டோஸில் 'ஹோம்குரூப்' என்ற இலகுவான வழி ஒன்று இருந்தது. 2018இல் அதை எடுத்துவிட்டார்கள். கூகுளின் 'கிளவுட் பிரிண்ட்' சேவையும் 2020 டிசம்பர் 31ஆம் திகதியுடன் நின்றுவிட்டது. பழைய புத்தகங்களில் இவற்றைப் படித்துவிட்டுத் தேடி அலைய வேண்டாம். இன்னொன்று, 2021இல் விண்டோஸ் பிரிண்டர் பகுதியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அதை அடைக்க வந்த புதுப்பிப்புகளுக்குப் பின்னர், பகிர்ந்த பிரிண்டருடன் இணைய முடியாமல் பல கணனிகள் நின்றன. ஒரு கணனி புதுப்பிக்கப்பட்டு மற்றது பழையபடி கிடந்தால் இந்தத் தொல்லை வரலாம். இரண்டையும் ஒரே நிலைக்குப் புதுப்பித்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடப்பது வேறொன்று. நேற்று அச்சடித்த பிரிண்டர் இன்றைக்கு 'ஓஃப்லைன்' என்று சொல்லும். பிரிண்டரில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். காரணம் இதுதான்: ரூட்டர் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் கொடுத்து வைத்திருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் அந்த இலக்கம் மாறக்கூடும். கணனி பழைய இலக்கத்தையே தேடிக்கொண்டிருக்கும். சரியான வீட்டிலக்கம் இல்லாததால் லயத்து ஆட்களுக்கு வரும் கடிதம் எங்கெங்கோ சுற்றுவது நமக்குப் பழகிய கதைதானே! ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் பிரிண்டருக்கென்று ஓர் இலக்கத்தை நிரந்தரமாக ஒதுக்கிவிடலாம். படிக்கும் பிள்ளை யாரும் இருந்தால் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார்கள்.

வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு, 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று. விலை குறைந்த பிரிண்டர்கள் பெரும்பாலும் 2.4இல் மட்டும்தான் சேரும். 2.4 சுவரைத் தாண்டியும் ஓரளவு போகும். பழைய லயத்தின் கருங்கல் சுவரில் 5 சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் பிரிண்டரை ரூட்டருக்குக் கிட்ட வையுங்கள். அதைத் தகரத்துக்குப் பின்னாலோ இரும்பு அலுமாரிக்குள்ளோ வைக்க வேண்டாம்.

டேட்டா முடிந்துவிட்டால் அச்சடிக்க முடியாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியில்லை. கணனியிலிருந்து ரூட்டருக்கும் அங்கிருந்து பிரிண்டருக்கும் போகும் கடதாசி வேலை வீட்டுக்குள்ளேயே முடிகிறது. வெளி இணையம் அதற்குத் தேவையில்லை. ரீலோட் போடக் காசில்லாத நாளிலும் எங்கள் வீட்டில் விண்ணப்பம் அச்சாகிறது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பகிர்வினால் கிடைக்கும் பெரிய நன்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் இன்னமும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறோம். அதைப் பென் டிரைவில் எடுத்துப்போய் வேறொரு கணனியில் திறந்தால், அங்கே பாமினி இல்லாவிட்டால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குப்பை வந்து நிற்கும். அக்காவின் பழைய கணனியில் பாமினி இருக்கிறது, மகளின் மடிக்கணனியில் இல்லை. ஆனால் வைஃபை மூலம் அக்கா தன் கணனியிலிருந்தே பிரிண்டருக்கு அனுப்பும்போது எழுத்துகள் அவருடைய கணனியிலேயே உருவாகிப் போகின்றன. திரையில் தெரிந்தபடியே தாளில் வரும். வெளியே கொடுக்க வேண்டுமானால் பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொடுங்கள். எழுத்துருவும் அதற்குள்ளேயே போய்விடும்.

மழையும் மின்சாரமும்

மடுல்கெல்லயில் பனி இறங்கினால் தாள் நமுத்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். நமுத்த தாள் சிக்கும், இரண்டிரண்டாக இழுபடும். பிரித்த தாள் கட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உயரத்தில் வையுங்கள், பிரிண்டர் தட்டில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வைத்தால் போதும். மை பிரிண்டரானால் வாரத்துக்கு ஒரு பக்கமாவது நிறத்தில் அடியுங்கள். நீண்ட நாள் சும்மா கிடந்தால் மை முனையில் காய்ந்து அடைத்துவிடும்.

2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்கள் நினைவிருக்கும். அப்போது பலர் ரூட்டருக்குச் சிறிய பற்றரி வாங்கிப் பொருத்தினார்கள். ரூட்டருக்கு அது போதும். மை பிரிண்டரும் குறைந்த மின்சாரத்தில் ஓடக்கூடியது, கணனிக்குரிய யூ.பி.எஸ்.ஸில் சிறிது நேரம் பாவிக்கலாம். லேசர் பிரிண்டரைச் சிறிய யூ.பி.எஸ்.ஸில் செருகவே கூடாது. அது சூடேறும் நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தை அந்தச் சிறிய பெட்டி தாங்காது. இடி மின்னல் காலத்தில் எல்லா வயரையும் கழற்றிவிடுங்கள். டெலிபோன் வயரையும் சேர்த்து.

யார் யாருக்குக் கடவுச்சொல்?

பிரிண்டர் வீட்டுக்கு வந்துவிட்டது என்பதற்காகக் கோப்பு முழுப் பாதுகாப்பாகிவிட்டது என்று எண்ண முடியாது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வைஃபை கேட்டு வருவார்கள். இல்லை என்று சொல்ல நமக்கு மனம் வராது. பல ரூட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வைஃபை ஒன்றைத் திறக்கலாம். அதன் கடவுச்சொல்லைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அதில் சேர்ந்தவர்களுக்கு இணையம் கிடைக்கும், பொதுவாகப் பிரிண்டரோ வீட்டுக் கணனிகளோ தெரியாது. உங்கள் சொந்தக் கைபேசியிலிருந்து அச்சு வராமல் நின்றால் அதுவும் தவறுதலாக விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டரின் அடியில் ஒட்டி வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுவது நல்லது. வந்து போனவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள்.

தாள் முடிந்து பாதியில் நின்ற வேலையைக் கணனியில் இரத்துச் செய்யாமல் விட்டால், யாராவது தாள் வைத்ததும் அது அச்சாகி வெளியே வரும். அக்காவின் முறைப்பாடு என் வாடிக்கையாளரின் கல்யாணக் கடிதத்துடன் சேர்ந்து போகக் கூடாது அல்லவா? அதனால் அவர் அச்சடிக்கும் நேரத்தில் பிரிண்டர் பக்கத்திலேயே நிற்பார். பழுதான தாளைத் தானே கிழித்து அடுப்பில் போடுவார்.

கடைக்குப் போக வேண்டிய சந்தர்ப்பம் இன்னமும் வரும். அப்படியானால் ஆவணத்தைக் கடைக்காரரின் வட்ஸ்அப்பிற்கு அனுப்ப வேண்டாம், அது அவருடைய கைபேசியில் தங்கிவிடும். பென் டிரைவில் கொண்டுபோய், அவர் கணனியில் பிரதி எடுத்து வைக்காமல், அதிலிருந்தே நேராக அச்சடிக்கச் சொல்லுங்கள். பெரிய போட்டோக்கொப்பி இயந்திரங்கள் பலவற்றினுள்ளே ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. எடுத்த பிரதியின் படம் அதற்குள் தங்கக்கூடும். வீட்டில் வைக்கும் சிறிய பிரிண்டர்களில் பொதுவாக அது இல்லை.

ஆனால் வைஃபை கடவுச்சொல் சிறிய பிரிண்டருக்குள்ளும் பதிந்திருக்கும். பழுது பார்க்கக் கொடுக்கும்போதும், பழையதை விற்கும்போதும், பிரிண்டரின் அமைப்புப் பட்டியலில் 'நெட்வேர்க் ரீசெட்' என்று இருப்பதை அழுத்தி அதை அழித்துவிட்டுக் கொடுங்கள். ஸ்கேனர் கண்ணாடியின் மூடியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், பிறப்புச் சான்றிதழ் உள்ளேயே கிடக்கும்.